ரேக்கெட்டும் பிராக்கெட்டும்: ஓசையில் உடன்பிறப்பு, பிறப்பில் அந்நியர்

ஓர் ஆங்கில நாளிதழை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில், போலிச் சான்றிதழ் அச்சடித்த 'ரேக்கெட்' பிடிபட்டது என்று செய்தி. விளையாட்டுப் பக்கத்தில், தோற்ற ஆத்திரத்தில் ஓர் ஆட்டக்காரர் தன் 'ரேக்கெட்'டைத் தரையில் அடித்து உடைத்தார் என்று செய்தி. நடுவில் வாசகர் கடிதம்: விடிய விடிய ஒலிபெருக்கி போட்டு ஒரே 'ரேக்கெட்', தூங்க முடியவில்லை. 'பிராக்கெட்'டும் இப்படித்தான். கணக்கு வகுப்பில் அது அடைப்புக்குறி. ஹார்டுவேர் கடையில் பலகையைத் தாங்கும் இரும்புத் துண்டு. வருமான வரியில் ஒரு படி. கூடைப்பந்துப் போட்டியில் யார் யாரோடு மோதுவது என்று காட்டும் படம்.

மட்டைக்கும் மோசடிக்கும் என்ன சம்பந்தம்? பலகைத் தாங்கிக்கும் வருமான வரிக்கும் என்ன உறவு? இரண்டு சொற்களும் இயைபுத் தொடை போல ஒலிக்கின்றனவே, வேர் ஒன்றுதானா? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. மற்றவற்றுக்கு ஓர் உள்ளங்கையிலிருந்தும் ஒரு கால்சட்டையிலிருந்தும் தொடங்கவேண்டும்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. தமிழில் மட்டையையும் விண்ணில் ஏவுவதையும் 'ராக்கெட்' என்றே எழுதிவிடுகிறோம். இங்கே மட்டை, மோசடி, இரைச்சல் மூன்றுக்கும் 'ரேக்கெட்'. விண்ணில் ஏவுவதற்கு மட்டும் 'ராக்கெட்'.

பழைய ஆங்கிலம் என்றால் எது?

பேச்சுவழக்கில் ஷேக்ஸ்பியர் எழுதியதைக்கூடப் பழைய ஆங்கிலம் என்கிறோம். மொழியியலில் அந்தப் பெயருக்குக் கறாரான எல்லை இருக்கிறது.

1. பழைய ஆங்கிலம்: சுமார் 450 முதல் 1100 வரை. ஜெர்மானியக் குடிகள் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த மொழி. தனியாகப் பயிலாமல் இன்றைய ஆங்கிலேயருக்கே இது புரியாது.

2. இடைக்கால ஆங்கிலம்: சுமார் 1100 முதல் 1500 வரை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் அரண்மனை, நீதிமன்றம், சமையலறை, விளையாட்டு என எல்லா வாசல் வழியாகவும் பிரெஞ்சுச் சொற்கள் உள்ளே வந்தன. கவிஞர் சாசர் எழுதியது இந்தக் காலத்து ஆங்கிலம்.

3. முற்கால நவீன ஆங்கிலம்: சுமார் 1500 முதல் 1700 வரை. ஷேக்ஸ்பியரின் காலம் இது.

இந்தக் கணக்கில் பார்த்தால் ரேக்கெட்டும் சரி, பிராக்கெட்டும் சரி, பழைய ஆங்கிலச் சொற்களே அல்ல. ரேக்கெட் இரண்டாம் காலத்தின் பிற்பகுதியிலும், பிராக்கெட் மூன்றாம் காலத்திலும் வந்தவை. இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை என்பதால்தான் ஓசை ஒத்துப்போகிறது. பிரெஞ்சில் அவை 'ராக்கெத்', 'பிராகெத்'. வாலில் இருக்கும் 'எத்', பிராகெத்தில் 'சின்ன' என்று பொருள்படும் பிரெஞ்சு விகுதி; ராக்கெத்தில் அதே ஓசை மட்டும். வால் மட்டும்தான் பொது, உடம்பு வேறு வேறு. ஆனால் இந்த இரண்டையும் சுற்றி அசல் பழைய ஆங்கிலச் சொற்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை நம் ஊர்ப் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள். அந்த இடம் வரும்போது பார்ப்போம்.

மட்டை: உள்ளங்கையிலிருந்து கிளம்பிய சொல்

டென்னிஸின் தாய் விளையாட்டுக்குப் பிரெஞ்சில் 'ழே த போம்' என்று பெயர். 'உள்ளங்கை ஆட்டம்' என்று பொருள். இடைக்கால பிரான்சில் மடாலயங்களின் முற்றங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பந்தை வெறும் கையால்தான் அடித்தார்கள். கை வலிக்கவே கையுறை போட்டார்கள். அப்புறம்தான் நரம்பு பின்னிய மட்டை வந்தது. மட்டை வந்த பிறகும் ஆட்டத்தின் பெயர் மாறவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று, மக்கள் பிரதிநிதிகள் வெர்சாயில் ஓர் ஆட்டக்கூடத்தில் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நிகழ்வை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் 'உள்ளங்கை ஆட்டத்து உறுதிமொழி' என்றே சொல்கிறார்கள்.

ரேக்கெட் என்ற சொல் வந்த பாதையைப் பெரும்பாலான அகராதிகள் இப்படிக் காட்டுகின்றன:

1. அரபியில் 'ராஹா' என்றால் உள்ளங்கை. அதே சொல்லுக்கு ஓய்வு, ஆறுதல் என்ற பொருளும் உண்டு. இந்தியில் நிவாரணத்தைக் குறிக்கும் 'ராஹத்' அந்த இரண்டாம் பொருளிலிருந்து வந்தது.

2. 11ஆம் நூற்றாண்டு முதல் அரபு மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. உடற்கூற்றுச் சொற்கள் பல அப்படியே உள்ளே போயின. ராஹா 'ராசேட்டா' ஆனது. மணிக்கட்டையும் கையின் அடிப்பகுதியையும் குறித்தது.

3. பிரெஞ்சில் அது உள்ளங்கை என்ற பொருளோடு நுழைந்தது. உள்ளங்கையால் அடித்த பந்தை மட்டையால் அடிக்கத் தொடங்கியபோது, கையின் பெயர் மட்டைக்குப் போனது.

4. ஆங்கிலம் மட்டையையும் பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

கையை மல்லாத்தி மணிக்கட்டைப் பாருங்கள். கையும் முன்கையும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று கோடுகள் குறுக்கே வளையம் போல ஓடும். மேலை நாட்டுக் கைரேகை நூல்களில் அவற்றுக்கு 'ராசெத்' என்று பெயர். ஏறத்தாழப் பத்து நூற்றாண்டுக்கு முந்தைய அந்த மருத்துவச் சொல் தன் பழைய இடத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது. எனக்கு இந்தப் பாதையில் நம்பிக்கை வருவதற்கு அந்தக் கோடுகளும் ஒரு காரணம். பந்தைத் திருப்பித் துரத்துவதைக் குறிக்கும் ஒரு பழைய பிரெஞ்சு வினையிலிருந்து சொல் வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் கையால் ஆடிய ஆட்டம், கையின் பெயரைச் சுமக்கும் மட்டை என்ற பொருத்தம் அந்த வாதத்தில் கிடைப்பதில்லை.

மட்டை புதிதாக வந்த நாட்களில் அது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர்களுக்காக எழுதிய லத்தீன் உரையாடல் ஒன்றில், ஒருவன் மட்டையால் ஆடலாம் என்கிறான். அவன் மட்டைக்குச் சொல்லும் லத்தீன் சொல்லின் பொருள் 'சின்ன வலை'. மற்றவன் உடனே, வலையை மீனவர்களிடம் விட்டுவிடுவோம், உள்ளங்கையால் ஆடுவதே அழகு என்கிறான். கையிலிருந்து மட்டைக்கு ஆட்டம் மாறிக்கொண்டிருந்த அந்தக் கணம் இந்த இரண்டு வரியில் பதிவாகியிருக்கிறது. எராஸ்மஸை மறந்துவிட வேண்டாம். பிராக்கெட் கதையிலும் அவர் வருவார்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய தடயம் சாசரிடம் இருக்கிறது. 1380களில் அவர் எழுதிய காதல் காவியத்தில், ஒருத்தியை மறந்து இன்னொருத்தியைக் காதலி என்று நண்பன் யோசனை சொல்கிறான். அதற்கு நாயகன், 'இங்குமங்கும் ரேக்கெட் ஆடச் சொல்கிறாயா, ஒன்று உள்ளே ஒன்று வெளியே, இப்போது இது அப்போது அது' என்று சீறுகிறான். இங்கே ரேக்கெட் என்பது பந்தாட்டமா, பகடை ஆட்டமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. போய்வருவது என்ற பொருள் மட்டும் தெளிவாக நிற்கிறது.

பிரெஞ்சில் இந்தச் சொல் இன்னும் விரிந்தது. பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் வலைப்பின்னல் பலகைக்கும் ராக்கெத் என்று பெயர். சப்பாத்திக்கள்ளியின் தட்டையான மடலுக்கும் அதே பெயர். 'க்யூ' எழுத்தைச் சேர்த்து ஆங்கிலத்தில் இன்று சிலர் எழுதுவது பிரெஞ்சுச் சாயலுக்காகப் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. டென்னிஸ் விதிப்புத்தகம் 'க்யூ' இல்லாத எளிய வடிவத்தையே வைத்திருக்கிறது.

ஷட்டில்: நம் தெருவில் ஒலிக்கும் அசல் பழைய ஆங்கிலம்

'ஷட்டில் ஆட வர்றியா?' என்று கூப்பிடுகிற பையன் அறியாமலே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சொல்லைச் சொல்கிறான். பழைய ஆங்கிலத்தில் 'ஷுட்டெல்' என்றால் எறியும் ஈட்டி, அம்பு. எய்வதைக் குறிக்கும் 'ஷூட்' என்ற வினையின் உறவுக்காரச் சொல். பிறகு தறியில் ஊடையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் நாடாவுக்கு அந்தப் பெயர் வந்தது. நாடா போல இங்குமங்கும் பறந்ததால் இறகுப்பந்துக்கும் அதுவே பெயர். இறகு இருப்பதால் சேவலைக் குறிக்கும் 'காக்' பின்னால் சேர்ந்தது. மட்டையின் பெயர் அரபி, பிரெஞ்சு என்று சுற்றி வந்தது. இறகுப்பந்தின் பெயர் இங்கிலாந்து மண்ணிலேயே இருந்தது.

இறகுப்பந்தை அடிக்கும் மட்டைக்கு முதலில் ரேக்கெட் என்ற பெயரும் இல்லை. 'பேட்டில்டோர்' என்றார்கள். அதன் மூலப்பொருள், துணியை அடித்துத் துவைக்கும் மரத் துடுப்பு. 19ஆம் நூற்றாண்டில் புனேயில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆடி, இங்கிலாந்தில் பியூஃபோர்ட் பிரபுவின் பேட்மின்டன் மாளிகையின் பெயரை அந்த ஆட்டம் பெற்ற பிறகுதான் பேட்டில்டோர் ஒதுங்கி ரேக்கெட் நிலைத்தது. கம்பளிப் பந்தை வைத்து ஆடும் பூப்பந்தின் வரலாறு, 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் ஆடியதிலிருந்து சொல்லப்படுகிறது.

இரைச்சல்: பெயர் ஒன்று, சொல் வேறு

1560களில் ஆங்கிலத்தில் இன்னொரு ரேக்கெட் தலைகாட்டுகிறது. பொருள்: அமளி, கூச்சல். உள்ளங்கைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஓசையைக் கேட்டபடி ஒலித்துக் காட்டிய சொல்லாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. நம்மிடம் 'கடகட', 'தடதட' இருக்கின்றனவே, அந்த வகை. எழுத்து ஒன்றாக அமைந்ததால் அகராதியில் மட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் இதன் பொருள் வெறும் சத்தத்தைத் தாண்டி, கும்மாளம், கேளிக்கைக் கூட்டம் என்று விரிந்தது.

மோசடி: கூச்சலா, ஆட்டமா?

ரேக்கெட் மோசடியானது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில். எப்படி என்பதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன:

1. ஆட்டத்திலிருந்து. மட்டை ஆட்டம், ஏமாற்று ஆட்டம் ஆனது. திருடர் பேச்சில் 'ஆட்டம்' என்றாலே தொழில்.

2. சத்தத்திலிருந்து. தெருவில் அமளி கிளப்பி, எல்லோரும் அங்கே பார்க்கும்போது பையில் கைவிடுவது.

3. 'ரேக்' வாடகையிலிருந்து. குடியானவனைப் பிழிந்து வாங்கும் அநியாயக் குத்தகைக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அப்படி ஒரு பெயர் உண்டு. அதன் சாயலும் சேர்ந்தது என்கிறார்கள்.

அமளி, கும்மாளம், ஏதோ ஒரு கூத்து, பிறகு தந்திரம் என்று படிப்படியாக இறங்கும் இரண்டாவது வழியே எனக்கு வலுவாகப் படுகிறது. முதல் விளக்கம் கவர்ச்சியானது, ஆனால் மட்டைப் பந்தாட்டம் அரசர்களும் பிரபுக்களும் ஆடியது. 18ஆம் நூற்றாண்டில் அதன் கிளை ஒன்று லண்டனில் கடன்காரர்களை அடைத்துவைத்த சிறைகளின் சுவர்களில் ஆடப்பட்டது என்பது மட்டும் அந்த விளக்கத்துக்குக் கொஞ்சம் பலம் தருகிறது.

அந்தக் காலத்து ரேக்கெட் எப்படி நடந்தது என்பதற்கு உள்ளேயிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற ஆங்கிலேயத் திருடர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். 1812இல் நியூ சவுத் வேல்ஸில் தண்டனைக் கைதியாக இருந்தபோது திருடர்களின் சொற்களைத் தொகுத்தார். ஆஸ்திரேலியாவில் உருவான முதல் அகராதி அதுதான் என்கிறார்கள். அதில் 'கடித ரேக்கெட்' என்று ஒரு பதிவு. பார்க்கக் கண்ணியமாகத் தெரியும் ஓர் ஆணோ பெண்ணோ வசதியான வீடுகளின் கதவைத் தட்டுவார். கையில் ஒரு கடிதம். கப்பல் மூழ்கிவிட்டது, வீடு தீப்பிடித்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று அதில் எழுதியிருக்கும். இரக்கப்பட்டவர்கள் காசு கொடுப்பார்கள். அடுத்த வீடு, அதே கடிதம். 'ஆர்டர் ரேக்கெட்' என்று இன்னொன்று: பொய்யான ஆர்டரைக் காட்டிக் கடையில் சரக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செலவுப் பொய்க் கோரிக்கையும் போலி ஆர்டர் அழைப்பும் இவற்றின் நேர் வாரிசுகள்.

சிகாகோவும் 1970 சட்டமும்

ஒருமுறை ஏமாற்றுவது மோசடி. அதையே ஆள் வைத்து, முறை வைத்து, மாதாமாதம் வசூல் வரும் தொழிலாக நடத்தினால்தான் ரேக்கெட். இந்தப் பொருள் கெட்டியானது 1920களின் அமெரிக்காவில். மதுவிலக்குக் கால சிகாகோவில் கும்பல்கள் கடைகளையும் தொழிற்சங்கங்களையும் பிடித்துக்கொண்டன. 'ரேக்கெட்டியர்' என்ற சொல் அப்போது பிறந்தது.

அதன் மாதிரி வடிவம் 'பாதுகாப்பு ரேக்கெட்'. சலவைக்கடைக்காரரிடம் இரண்டு பேர் வருவார்கள். வாரம் இவ்வளவு கொடுத்தால் கடைக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். அவர் மறுப்பார். மறுநாள் காலை கண்ணாடி உடைந்து கிடக்கும், அல்லது துவைத்த துணிமேல் அமிலம் தெளித்திருக்கும். அடுத்த வாரம் அதே இருவர் வருவார்கள். இங்கே ஆபத்தை உண்டாக்குபவரும் அதிலிருந்து காப்பதாகக் காசு வாங்குபவரும் ஒருவரே. ரேக்கெட் என்ற சொல்லின் சாரம் அதுதான்.

1970 அக்டோபரில் அமெரிக்கா ரேக்கெட்டியர்களுக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. சுருக்கமாக 'ரிக்கோ' என்பார்கள். அதன் கரு ஒரு சொல்லில் இருக்கிறது: தொடர்ச்சி. சட்டம் பட்டியலிட்ட குற்றங்களில் குறைந்தது இரண்டை 10 ஆண்டு எல்லைக்குள், ஓர் அமைப்பின் வழியாகச் செய்திருக்கவேண்டும். முன்பு கண்ணாடியை உடைத்த அடியாள்தான் மாட்டுவான், அனுப்பியவர் தப்பிவிடுவார். இந்தச் சட்டத்தில் அமைப்பை நடத்தியவரே குற்றவாளி. 1985-86இல் நியூயார்க்கின் மாஃபியாக் குடும்பத் தலைவர்கள் ஒரே வழக்கில் சிக்கியது இப்படித்தான். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவும் ஒருங்கமைந்த குற்றத்தைத் தொடர்ந்து நடக்கும் சட்டவிரோதச் செயல் என்ற அடிப்படையிலேயே வரையறுக்கிறது.

ஆகவே செய்தியில் ரேக்கெட் என்று வந்தால், அதைத் தமிழில் வெறும் 'மோசடி' என்று எழுதினால் பாதிப் பொருள் விடுபட்டுப்போகும். 'மோசடிக் கும்பல்', 'மோசடித் தொழில்' என்று எழுதும்போதுதான் ஆள்கட்டும் தொடர்ச்சியும் கிடைக்கின்றன.

விண்ணில் போகும் ராக்கெட்டைப் பற்றியும் கடைசியாக ஒரு வார்த்தை. அது இத்தாலிய மொழியில் நூற்கும் கோலைக் குறித்த சொல்லின் குறுவடிவம். வாணத்தின் உருவம் நூல் சுற்றிய கோல் மாதிரி இருந்ததால் வந்த பெயர். ஒரே பக்கம் மட்டும் சுற்றவிடும் பற்சக்கரமான 'ராட்செட்'டும் அந்தக் கோலின் வழிவந்ததே. ரேக்கெட்டுக்கு இவை இரண்டும் உறவே இல்லை.

பிராக்கெட்: கால்சட்டையின் முன்பக்கம்

ரோமானியர்களுக்குக் கால்சட்டை என்பது நாகரிகமற்றவர்களின் உடை. குளிர்நாட்டில் வாழ்ந்த கௌல் மக்கள் அதை அணிந்தார்கள். அவர்களின் சொல்லையே லத்தீன் எடுத்து 'பிராக்கே' என்றது. தெற்கு பிரான்சுப் பகுதிக்கே 'கால்சட்டைக்காரர்களின் கௌல்' என்று ரோமானியர் பெயர் வைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் ஹொனோரியஸ் காலத்தில், ரோம் நகருக்குள் கால்சட்டை அணியக்கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

ஜெர்மானிய மொழிகளிலும் இதன் உடன்பிறப்பு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை 'புரோக்', பன்மை 'பிரேச்'. பிற்காலத்தவர் பிரேச் ஏற்கெனவே பன்மை என்பதை மறந்து இன்னொரு பன்மை விகுதியைச் சேர்த்து 'பிரீச்சஸ்' ஆக்கினார்கள். 'அவர்' பலர்பால்தான் என்றாலும் அதோடு 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்கிறோமே, அதே போக்கு.

லத்தீன் பிராக்கே தெற்கு பிரான்சில் 'பிராகா' ஆகி, பிரெஞ்சில் 'பிராக்' ஆகி, சின்ன விகுதி சேர்ந்து 'பிராகெத்' ஆனது. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆண்கள் கால்சட்டையின் முன்பக்கத்தில் பஞ்சு அடைத்துப் புடைத்து நிற்கும் ஒரு மறைப்பைத் தைத்துக்கொண்டார்கள். அதுதான் பிராகெத். இரும்புக் கவசத்திலும் அதை வைத்தார்கள். லண்டன் கோபுரத்தில் எட்டாம் ஹென்றியின் கவசத்தைப் பார்ப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தப் பகுதிதான். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'காட்பீஸ்'. முதற்பாதியான 'காட்' என்பதும் ஓர் அசல் பழைய ஆங்கிலச் சொல், பொருள் பை. இன்றைய பிரெஞ்சில் பிராகெத் என்றால் பேன்ட்டின் முன்பக்கத் திறப்பு.

கட்டடத்துக்கு எப்படி வந்தது? சுவரிலிருந்து முன்னால் புடைத்து நீண்டு, மேலே உள்ள பாரத்தைத் தாங்கும் கல்லையோ மரத்தையோ பார்த்தவர்களுக்கு இந்த உடைப் பகுதி நினைவுக்கு வந்திருக்கிறது. 1570களில் ஆங்கிலத்தில் அது 'பிராகெட்' என்று, நடுவில் மெல்லிய 'க' ஓசையோடு பதிவாகிறது.

பிராக்கெட் என்றால் கை என்று சிலர் விளக்குவது இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. லத்தீனில் கைக்கு 'பிராக்கியம்' என்று பெயர். பிரேஸ்லெட் அதிலிருந்து வந்தது. சுருள் அடைப்புக்குறிக்கு ஆங்கிலத்தில் உள்ள 'பிரேஸ்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. பாரத்தைக் கைபோல ஏந்துகிறது என்ற எண்ணம் பிற்காலத்தில் பிராக்கெட்டின் பொருளுக்கு நிறம் கொடுத்தது உண்மை. ஆனால் பிறப்பு கையில் இல்லை.

நம் சிற்பிகள் உடம்பைத்தான் பார்த்தார்கள், ஆனால் வேறு உறுப்பை. கோயில் விமானத்தில் வளைந்து நீளும் விளிம்புக்குக் 'கொடுங்கை' என்று பெயர். கொடு என்றால் வளைந்த; வளைந்த கை. தூணின் தலையில் உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்குவது போதிகை. கலை வரலாற்று நூல்கள் ஆங்கிலத்தில் பிராக்கெட் என்று குறிப்பது இந்தப் போதிகையை. நாயக்கர் கால மண்டபங்களில் அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டை அண்ணாந்து பார்த்தால், தாங்கி என்பது எவ்வளவு தூரம் முன்னால் நீள முடியும் என்பது விளங்கும்.

சைக்கிள் கடையில் 'பி.பி. ஆக்சில் தேய்ந்துவிட்டது' என்கிறார்களே, அந்த இரண்டாவது 'பி' பிராக்கெட்தான். மிதிகட்டைகளின் அச்சைத் தாங்கும் அடிக்கூடு அது.

தச்சரிடமிருந்து அச்சுக்கூடத்துக்கு

அடைப்புக்குறிக்குப் பிராக்கெட் என்ற பெயர் 1750 வாக்கில்தான் கிடைக்கிறது. குறி அதைவிடப் பழையது. இரண்டு பக்கமும் நின்று தாங்கும் தச்சுச் சட்டங்களைப் போலத் தெரிந்ததால் அச்சுக்கோப்பவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் சதுர அடைப்புக்குக் கொக்கி என்று பொருள்படும் 'குரோச்செட்' என்ற பெயர் இருந்தது. வளைந்த அடைப்புக்கு எராஸ்மஸ் வைத்த பெயர் 'லூனுலே', சின்னப் பிறைகள். நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறைக்கும் மருத்துவத்தில் அதுவே பெயர். அவர் வைத்ததுதான் மிக அழகான பெயர், ஆனால் நிலைக்கவில்லை.

கணிதத்தில் வளைந்த அடைப்பு 1556இல் இத்தாலியரான டார்ட்டாலியாவின் நூலில் வருகிறது. சுருள் அடைப்பை 1593இல் பிரெஞ்சுக்காரர் வியத் பயன்படுத்தினார். பரவலாக வெகுகாலம் ஆனது. அதுவரை சேர்த்துக் கணக்கிட வேண்டியவற்றின் தலைமேல் கோடு போட்டுவந்தார்கள்.

இன்று குழப்பம் வருவது நாடு மாறும்போது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் பிராக்கெட் என்று சும்மா சொன்னால் வளைந்த அடைப்பு. அமெரிக்காவில் சும்மா சொன்னால் சதுர அடைப்பு. வளைந்ததற்கு அங்கே 'பேரன்தீசஸ்'. அதனால்தான் நம் பிள்ளைகள் படிக்கும் 'போட்மாஸ்' விதியில் முதலெழுத்து பிராக்கெட்டின் 'பி' (B) ஆகவும், அமெரிக்கப் பிள்ளைகளின் 'பெம்டாஸ்' விதியில் அது பேரன்தீசஸின் 'பி' (P) ஆகவும் இருக்கிறது. அமெரிக்க நிறுவனத்தோடு நிரல் எழுதுபவர்கள் தொலைபேசியில் 'பிராக்கெட் போடு' என்று கேட்டால், எந்தப் பிராக்கெட் என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது. தவறான குறியைப் போட்டால் நிரல் ஓடாது.

வரிப்படியும் போட்டிப் படமும்

அச்சில் சில வரிகளைச் சேர்த்து ஓரத்தில் ஓர் அடைப்பைப் போட்டால், இவையெல்லாம் ஒரே நிலை என்று பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வுப் பட்டியலில் சம மதிப்பெண் பெற்றவர்களை இப்படித்தான் காட்டினார்கள். 1899இல் ஆர். பி. பராஞ்சபே இன்னொரு மாணவரோடு சமமாக முதலிடம் பெற்றபோது, 'பிராக்கெட் செய்யப்பட்ட' முதலிடம் என்றே அதைச் சொன்னார்கள். முதலிடம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஒரே நிலையில் உள்ளவர்களின் கூட்டம் என்ற இந்தப் பொருளிலிருந்துதான் 'வயது பிராக்கெட்', 'வருமான பிராக்கெட்' எல்லாம் கிளைத்தன.

வரிப் பிராக்கெட்டில் ஒரு தவறான புரிதல் விடாமல் தொடர்கிறது. சம்பளம் கூடி அடுத்த படிக்குப் போனால் மொத்த வருமானத்துக்கும் உயர்ந்த வரி விழும், கையில் கிடைப்பது குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டுக் கணக்கை, தனிநபருக்கு, டாலரில் பார்ப்போம்:

1. வரிக்குரிய வருமானத்தில் முதல் 11,600க்கு 10 சதவீதம். அதற்கு மேல் 47,150 வரை 12 சதவீதம். அதற்கு மேல் 1,00,525 வரை 22 சதவீதம்.

2. ஒருவரின் வரிக்குரிய வருமானம் சரியாக 47,150 என்றால் வரி 1,160 கூட்டல் 4,266, ஆக 5,426.

3. வருமானம் 1,000 கூடி 48,150 ஆனால், 22 சதவீதம் அந்த 1,000க்கு மட்டுமே. கூடுதல் வரி 220, மொத்தம் 5,646.

4. மொத்தத்துக்கும் 22 சதவீதம் என்று நினைப்பவர் போடும் கணக்கு 10,593. இது நடப்பதில்லை.

பிராக்கெட் என்பது ஆளை அடைக்கும் குறி அல்ல, பணத்தின் ஒரு துண்டை அடைக்கும் குறி. இந்தியாவில் 'ஸ்லாப்' என்றும் பிரிட்டனில் 'பேண்ட்' என்றும் சொல்வது இதையே. விலைவாசிக்கு ஈடாக மட்டுமே சம்பளம் உயர்ந்தும் ஒருவர் உயர்ந்த படிக்குள் தள்ளப்படுவதை அமெரிக்காவில் 'பிராக்கெட் கிரீப்' என்பார்கள். 1981 சட்டத்தின்படி, 1985 முதல் அங்கே படிகளின் எல்லைகளையே விலைவாசியோடு சேர்த்து உயர்த்திவருகிறார்கள்.

போட்டி பிராக்கெட்டுக்குப் படம் போட்டுப் பார்த்தால் போதும். இரண்டு பெயர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, வலப்பக்கம் ஒரு சதுர அடைப்பால் இணையுங்கள். அதன் நடுவிலிருந்து ஒரு கோடு. வென்றவர் பெயர் அங்கே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 64 அணிகளுக்கு இந்தப் படத்தை நிரப்பி, எல்லா ஆட்டத்தையும் முன்கூட்டியே சொல்ல மக்கள் முயல்கிறார்கள். ஆட்டங்கள் 63, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு. படத்தை நிரப்பும் வழிகள் 92 லட்சம் கோடியை 1 லட்சத்தால் பெருக்கினால் வருவதைவிடவும் அதிகம். விம்பிள்டனில் 128 பேர், 7 சுற்று, 127 ஆட்டம், அதே வடிவப் படம். டென்னிஸ்காரர்கள் மட்டும் அதைப் பிராக்கெட் என்பதில்லை; சீட்டுக் குலுக்கி எடுப்பதால் 'டிரா' என்கிறார்கள்.

பழைய நூல்களில் வரும் போலி உறவுகள்

பழைய ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் பிராக்கெட்டோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் மூன்று. 'பிரேச்செட்' என்பது மோப்பம் பிடித்து வேட்டையாடும் பெண் நாய். 'பிராக்கெட்' என்றே தமிழில் எழுதவேண்டி வரும் இன்னொன்று, ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்தோடு வருவது, இரண்டாம் வயதில் உள்ள ஆண்மான். கொம்பு கிளைக்காமல் ஈட்டி போல நேராக நிற்கும் பருவம். மூன்றாவதுதான் சிக்கலானது. தேனும் மசாலாவும் சேர்த்துப் புளிக்கவைத்த பியர் வகைப் பானத்துக்கு வேல்ஸ் மொழியிலிருந்து வந்த பெயரை, தாங்கியின் பழைய பெயரைப் போலவே 'பிராகெட்' என்று எழுதினார்கள். சாசர் ஒரு தச்சரின் இளம் மனைவியை வருணிக்கும்போது, அவள் வாய் அந்தப் பானத்தைப் போல, உலர்புல்லில் பதுக்கி வைத்த ஆப்பிள்களைப் போல இனித்தது என்கிறார். எந்தப் பிராகெட் என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும். உத்தரமும் பலகையும் அருகில் இருந்தால் தாங்கி. தேனும் கோப்பையும் இருந்தால் பானம்.